கற்றதை மறக்கும் எஞ்சின்

பாட்டரியைக் கழற்றி மீண்டும் இணைத்ததும் சில கார்களின் எஞ்சின் ஐட்லிங்கில் நடுங்குகிறது; சில வேளை நின்றும் விடுகிறது. பழுது ஏதுமின்றி இப்படி நேர்வது ஏன்? விடை மோட்டார் வரலாற்றில் இருக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் ஐட்லிங் வேகத்தைத் திருகு ஒன்றே நிர்ணயித்தது. பாட்டரியைக் கழற்றினாலும் அது இடம் மாறாது. 1966-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கார்ப் புகைக்கு வரம்பு விதித்தது. அத்தகைய சட்டங்கள் பெருகவே, எரிபொருளை மிக நுட்பமாக அளக்க வேண்டியதாயிற்று. 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வடித்த மின்னணு எரிபொருள் பீச்சுமுறை வோல்க்ஸ்வாகன் 1600 காரில் இடம்பெற்றது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் அதன் ‘மோட்ரானிக்’ கணிப்பொறி எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது.

பின்னர் வந்த கணிப்பொறிகள் கற்கவும் தொடங்கின. திராட்டிலில் கரி படிந்து காற்று குறைந்தால், வழியைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து, அந்த அளவை நினைவில் கொண்டன. பல கார்களில் இந்நினைவைக் காப்பது பாட்டரியின் சிறு மின்னோட்டமே. அது அறுந்தால் கற்றது அழிகிறது. கரியோ அப்படியே இருக்கிறது!

ஆகவே மீண்டும் கற்பிக்க வேண்டும். திறந்த வெளியில், விளக்கையும் ஏ.சி.யையும் அணைத்து, எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஐட்லிங்கில் விடுக. பின்பு ஏ.சி.யைப் போட்டுச் சில நிமிடம் விட்டு, சாலையில் ஓட்டுக. சரியான முறை காருக்குக் கார் வேறுபடும். கையேட்டைப் பார்ப்பது நலம். அதன் பிறகும் நடுக்கம் நீடித்தால் திராட்டிலைத் துப்புரவு செய்விக்க வேண்டும். மறதியைப் பழுதென்று எண்ணி, நல்ல உறுப்புகளை மாற்றிப் பணத்தை இழக்க வேண்டாம்.