இடைச்செருகல் இல்லாத ஒலி

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் பழைய ஆம்ப்ளிபையர்களைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பாடம் பார்த்தல், இடைச்செருகல் களைதல், மூலத்தை மூலமாகவே படிப்போர் கையில் சேர்த்தல் ஆகியவற்றின் அருமையை அறிந்தவர்கள் நாம். ஒலித்தட்டில் அடங்கிக் கிடக்கும் குரலை, ஒன்றும் கூட்டாமலும் குறைக்காமலும் செவிக்குக் கொண்டு சேர்க்க இருபதாம் நூற்றாண்டுப் பொறியாளர் சிலர் பட்ட பாடும் அவ்வகையைச் சேர்ந்ததே. அவர்கள் ஆக்கிய கருவிகள் இன்று பழம்பொருளாக விற்பனைக்கு வருகின்றன. கைப்பொருள் சிறிதே உடைய ஒருவர் அவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினாவுக்கு, விலைப்பட்டியலைவிட வரலாறே தெளிவான விடை தருகிறது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து தேர்வுக்குரிய நெறியைப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருக்கியின் கடமை

ஒலித்தட்டின் ஊசியில் பிறக்கும் மின்குறிப்பு மிக நுண்ணியது. முன்பெருக்கி அதனை ஓரளவு உயர்த்திச் சீர்செய்யும். பின்னர் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கத்தக்க வலிமையை அதற்கு ஊட்டுவதே பவர் ஆம்ப்ளிபையர் எனப்படும் திறன்பெருக்கியின் வேலை. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்வாய்களைக் கொண்ட வால்வை உருவாக்கியபோது இப்பணிக்கு வழி பிறந்தது. ஆயினும் வால்வு எதுவும் தான் பெற்றதை அப்படியே பெரிதாக்கித் தருவதில்லை. அலையின் வடிவைச் சிறிது வளைத்துவிடுகிறது. வளைந்த அலையில், மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. பொறியாளர் இதனைத் திரிபு என்பர். ஏடெழுதுவோர் மொழியில் சொன்னால் இஃது இடைச்செருகல்.

இதற்கு மருந்து கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்டு பிளாக். தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் பெருக்கிகள் பல அடுத்தடுத்து நின்றன. ஒவ்வொன்றும் சேர்த்த திரிபு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பேச்சையே குலைத்தது. 1927 ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் செல்கையில் அவருக்கு ஒரு கருத்து உதித்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதனை வரைந்துகொண்டார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொணர்ந்து உள்ளீட்டோடு எதிர்முகமாகச் சேர்த்தால், திரிபு பெருமளவு தானே அடங்கிவிடும். படியெடுத்த ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவது போன்றது இது. எதிர்ப்பின்னூட்டம் எனப்படும் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைக்க 1937 வரை ஆயிற்று.

1947: பொதுவில் வைத்த வரைபடம்

தொலைபேசிக்குப் பிறந்த இம்முறை இல்லத்து இசைக்கு முழுப் பயன் தந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹெரால்டு லீக் தம் பெருக்கிக்குப் ‘பாயின்ட் ஒன்’ என்று பெயரிட்டார். திரிபு நூற்றுக்கு 0.1 பங்கே என்பதை அப்பெயரே அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மார்க்கோனி-ஆஸ்ரம் வால்வு நிறுவனத்தில் பணியாற்றிய டி. டி. என். வில்லியம்சன் என்னும் இளம் பொறியாளர், ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழின் 1947 ஏப்ரல், மே வெளியீடுகளில் தம் பெருக்கியின் வரைபடத்தை எழுதி வெளியிட்டார். கேடி66 என்னும் வால்வுகள் இரண்டைக் கொண்டு 15 வாட் திறனை அது தந்தது. திரிபு அதே 0.1 பங்கு அளவில் நின்றது.

இதில் நாம் கருதத்தக்கது எண்ணிக்கை மட்டுமன்று. இத்தகைய பெருக்கியின் உயிர்நிலை வெளியீட்டு டிரான்ஸ்பார்மர். அதனை எத்தனை சுற்று, எவ்வகையில் சுற்ற வேண்டும் என்பதையும் வில்லியம்சன் மறைக்காமல் எழுதினார். போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டுக் காலத்தில், பற்றவைக்கத் தெரிந்த ஆசிரியரும் எழுத்தரும் தொழிலாளரும் தம் வீட்டு மேசையிலேயே முதல்தரமான பெருக்கியைச் செய்துகொள்ள இஃது இடம் தந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அவ்வரைபடம் பரவி, பல வடிவங்களை எடுத்தது. நல்ல ஒலி செல்வர் கூடத்திலிருந்து எளியோர் இல்லத்துக்கு இறங்கிவந்த ஆண்டு 1947 எனலாம்.

வால்வுகளின் பொற்காலம்

வில்லியம்சன் திறந்த வழியில் வந்தவற்றுள் இரண்டினைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, பீட்டர் வாக்கர் நடத்திய நிறுவனம் இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் செய்து 1953இல் வெளியிட்ட குவாட் டூ. இதுவும் கேடி66 இரண்டைக் கொண்ட 15 வாட் பெருக்கியே. ஒரு பெட்டி ஒரு தடத்துக்கு மட்டும் உரியது. ஸ்டீரியோ வேண்டுவோர் இரண்டு வாங்க வேண்டும். பெருக்கி என்பது வலிமை மட்டும் கூட்டும் நேர்க்கம்பியாக இருத்தல் வேண்டும் என்னும் புகழ்பெற்ற இலக்கணம் இவ்வாக்கர் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது.

மற்றொன்று, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லர் நிறுவிய டைனாகோ 1959இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70. இஎல்34 வால்வுகள் நான்கு. தடத்துக்கு 35 வாட். வாங்குவோரே கூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுதியாக 99.95 டாலருக்கு இது விற்றது. நுட்பமான பகுதியைச் செய்துமுடித்த பலகையாகத் தந்து, எஞ்சியதைப் படிப்படியான குறிப்புகளுடன் வாங்குவோரிடம் விட்டனர். கூலியைக் குறைத்து விலையைக் குறைத்த இத்திட்டம் பெருவெற்றி கண்டது.

டிரான்சிஸ்டரின் வருகை

வில்லியம்சன் கட்டுரை வந்த அதே 1947இன் டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆனால் அது நல்லிசைக்குத் தகுதி பெற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் இன்றியே ஸ்பீக்கரை இயக்கும் சுற்று ஒன்றை எச். சி. லின் 1956இல் வெளியிட்டார். எடையும் விலையும் குறைந்தன. புதிய குறைகள் புகுந்தன. தொடக்கக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்தில் நிலைகுலைந்து எரிந்தன. மேலும், அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கையில், கைமாறும் இடத்தில் ஒரு சிறு முறிவு தோன்றியது. மெல்லிய ஒலியிலேயே இது செவியை மிகுதியும் உறுத்தும். டிரான்சிஸ்டர் ஒலி கரகரப்பானது என்னும் பழி எழுந்தது இக்காலத்தில்தான். அன்று அது பொய்ப்பழி அன்று.

சிலிக்கன் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 1967இல் வந்த குவாட் 303 இப்பழியைப் பெரிதும் நீக்கிற்று. தடத்துக்கு 45 வாட் தந்த இதன் மின்வழங்கி சீராக்கப்பட்டது. வெளியீட்டில் ஒரு பெரிய கண்டென்சர் காவல் நின்றது. 1969 ஏப்ரலில் ஜான் லின்ஸ்லி ஹூட், அதே ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் 10 வாட் மட்டுமே தரும் மிக எளிய டிரான்சிஸ்டர் பெருக்கியை வெளியிட்டு, வில்லியம்சனுடையதை அதற்கு உரைகல்லாகக் கொண்டார். 1975இல் குவாட் 405 வந்தது. தடத்துக்கு 100 வாட். தூய்மையான சிறு பெருக்கி ஒன்று ஒலியை ஆள, வலிய டிரான்சிஸ்டர்கள் சுமையை மட்டும் தாங்கும் இதன் அமைப்பில், காலத்தால் பிறழக்கூடிய ஓய்வுநிலைத் திருகு எதுவும் இல்லை.

வாட் என்னும் எண்

பழைய விளம்பரத் தாள்களைப் படிப்போர் ஒன்றை மறக்கலாகாது. 1960களின் அமெரிக்க விளம்பரங்களில் நொடிப்பொழுது மட்டும் கிடைக்கும் உச்சத்தையே திறனாக அச்சிடும் வழக்கம் மலிந்திருந்தது. அந்நாட்டு வணிக ஆணையம் 1974இல் விதியொன்றை நடைமுறைக்குக் கொணர்ந்து, தொடர்ந்து தரத்தக்க திறனைத் திரிபளவோடு சொல்ல வேண்டும் என்றது. எனவே அதற்கு முந்திய அமெரிக்கக் கருவியின் எண்ணை ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

எண் உண்மையாக இருப்பினும் அதன் பொருள் வேறு. செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற, திறன் சற்றேறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். 15 வாட்டிலிருந்து 45 வாட்டுக்கு ஏறினால் கிடைப்பது 5 டெசிபல் அளவே. 45இலிருந்து 100க்கு ஏறினால் மூன்றரை. வீட்டறையில் வீணையையோ கவிதை வாசிப்பையோ அளவான ஒலியில் கேட்கப் பெரும்பாலும் ஒரு வாட்டே போதும். குவாட் நிறுவனம் 1957இல் செய்த மின்னிலை ஸ்பீக்கருக்கோ 405இன் முழு வலிமையும் ஆபத்து. இடையே ஒரு தடுப்பு அமைத்தே இணைத்தனர்.

1978ஆம் ஆண்டுச் சோதனை

வால்வின் ஒலி இனிமையானது, டிரான்சிஸ்டரின் ஒலி வறண்டது என்னும் வழக்கு 1970களில் ஓங்கியது. இதனைத் தீர்க்கும்பொருட்டு ஒரு கேட்புச் சோதனை நடந்தது. குவாட் டூ, 303, 405 ஆகிய மூன்று தலைமுறைப் பெருக்கிகளையும், இன்னது ஒலிக்கிறது என்று அறிவிக்காமல், பயின்ற செவியினர் கேட்டனர். ஒன்றிலிருந்து மற்றொன்றை அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. ஜேம்ஸ் மோயர் இதனை 1978 ஜூலை ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் எழுதினார். வில்லியம்சனின் வரைபடம் வெளிவந்த இதழிலேயே இம்முடிவும் வெளிவந்தது பொருத்தமே.

சோதனையை ஏற்பாடு செய்தது மூன்றையும் ஆக்கிய நிறுவனமே ஆதலின் ஐயுறுவோர் உண்டு. எல்லாப் பெருக்கிகளும் ஒன்றே என்று அது நிறுவவும் இல்லை. பழுதற்ற நிலையில், தத்தம் எல்லைக்குள் இயங்கும் நல்ல பெருக்கிகளிடையே வேறுபாடு மிகச் சிறிது என்பதே அதன் பொருள். எல்லை கடந்தால் வேறுபாடு புலப்படும்: வால்வுப் பெருக்கி பொதுவாக மெல்ல வளைந்து கொடுக்கும், டிரான்சிஸ்டர் பெருக்கி சட்டென வெட்டும். சிறு கைப்பொருள் உடையவர்க்கு இச்சோதனை பெரும் ஆறுதல். அரிய வால்வுக்கும் பெயர்ப்பலகைக்கும் கொடுக்கும் மிகுபொருள், பெரும்பாலும் செவிக்குச் சென்று சேர்வதில்லை.

தேர்வின் நெறி

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க நெறி மூன்று. முதலாவது, தலைமுறையைப் பாராமல் உடல்நிலையைப் பார்த்தல். மின்பகு கண்டென்சர்கள் பத்தாண்டுகள் பல கடந்தால் வறண்டுபோகும். அதன் அடையாளம் இரைச்சலும் முழக்கமும். வால்வுக் கருவியில் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் கெட்டிருந்தால் மலிவு விலையும் வீண். ஸ்பீக்கரை இணைக்காமல் அதனை இயக்கவும் கூடாது. 405 போல ஸ்பீக்கரோடு நேரே இணையும் டிரான்சிஸ்டர் கருவியில், வெளியீட்டு முனைகளிடையே நேர்மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது பழுதின் அறிகுறி; அது மிகப் பெரிதானால் ஸ்பீக்கர் கருகிவிடக்கூடும். வாங்குமுன் மீட்டரால் அளந்து பார்த்தல் வேண்டும். 303இல் காவல் நிற்கும் கண்டென்சர் இவ்வாபத்தைத் தடுக்கிறது. நெடுநாள் கிடப்பிலிருந்த கருவியை, தொடரில் ஒரு குமிழ் விளக்கை இணைத்த பின்னரே மின்சாரத்தில் இடுதல் நன்று. வால்வுப் பெட்டிக்குள் சில நூறு வோல்ட் உறைந்திருக்கும். இணைப்பை எடுத்த பின்னும் அது கொல்லும். ஆதலின் அறியாதார் அதனைத் திறத்தலாகாது.

இரண்டாவது, விலையோடு பழுதுபார்க்கும் செலவையும் கூட்டிக் கணக்கிடுதல். ஸ்டீரியோ 70க்குக் கூட்டிய விலையில் அமெரிக்க 120 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மரும் அடங்கும். அதன் 7199 வால்வு உற்பத்தி நின்று அரிதாகிவிட்ட ஒன்று. குவாட் டூ இணைகளின் விலையைச் சேகரிப்போர் ஏற்றிவிட்டனர். இச்செலவுகளை ஒப்பிட்டால், சிறு கைப்பொருளுக்கு உகந்தவை 303, 405 ஆகிய இரண்டுமே. அவற்றின் உறுப்புகளும் வரைபடங்களும் இன்றும் கிடைக்கின்றன. அதனினும் குறைந்த பொருளே உடையார், 1978இல் தடத்துக்கு 20 வாட் திறனோடு வந்த என்ஏடி 3020ஐ நாடலாம். முன்பெருக்கியும் திறன்பெருக்கியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியாயினும், பின்புறத்து இணைப்புத் துண்டுகளைக் கழற்றித் திறன்பெருக்கியைத் தனியே பயன்படுத்த அஃது இடம் தருகிறது.

மூன்றாவது, மிச்சத்தை உரிய இடத்தில் இடுதல். ஒலியின் தன்மையைப் பெரிதும் வேறுபடுத்துவன ஸ்பீக்கரும் அறையுமே. பெருக்கியில் மீந்த பொருள் ஸ்பீக்கருக்கும் ஒலித்தட்டுகளுக்கும் ஆகட்டும்.

வில்லியம்சன் தம் வரைபடத்தைப் பொதுவில் வைத்தபோது, வாங்க இயலாதவரும் செய்துகொள்ளலாம் என்னும் நிலை பிறந்தது. அக்கருவிகளின் வழிவந்தவற்றை இன்று தேடுவோர், அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குரிய அரும்பொருளாக்கி விலையேற்றுவது அந்நோக்கத்துக்கு மாறானது. சீர்செய்து, சூடேற்றி, நாள்தோறும் இசைக்க வைப்பவரே அதனைக் காப்பவர் ஆவர்.