டிராக்டர் பிரேக்கைச் சர்வீஸ் செய்ய வேண்டிய நேரம் எது?

வயலுக்குள் ஓடும்வரை டிராக்டரின் பிரேக் குறை பெரிதாகத் தெரியாது. உழும்போது மண்ணே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லரோடு ரோட்டில் ஏறும்போதுதான் அது வெளியே வரும். நம் ஊரில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் இல்லை. அத்தனை பாரத்தையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்குகளே நிறுத்தியாக வேண்டும். ஆகவே அறுவடை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலில் பெடல். மிதித்ததும் சிறிது தூரம் ஆட்டமாக இறங்கி, பிறகு கெட்டியாக நிற்க வேண்டும். அந்த ஆட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். அதைத் தாண்டி இறங்கினால் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ராடு தளர்ந்திருக்கலாம். ஆட்டமே இல்லாவிட்டாலும் கோளாறுதான். பிரேக் விடாமல் உரசும், டீசல் கூடுதலாகச் செலவாகும், கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியில் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். எங்காவது கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இடது, வலது வித்தியாசத்தைத்தான். சேற்றுழவில் வண்டியைத் திருப்ப ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதிக்கிறோம். எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பினால் அந்த லைனிங் முதலில் தேயும். பிறகு ரோட்டில் இரண்டு பெடலையும் லாட்ச் போட்டு மிதித்தாலும், ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் ஓடும். பாரத்தோடு வேகமாகப் போகும்போது இப்படி நடந்தால் வண்டி கவிழக்கூடும்.

இதைச் சோதிப்பது எளிது. ஆள் நடமாட்டம் இல்லாத சமமான மண் தரையில், டிரெய்லரைக் கழற்றிவிட்டு, லாட்ச் போட்டு, மெதுவாக ஓட்டிக் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் வலது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

பழைய மாடல்களில் உள்ள உலர் பிரேக்கில் சேறும் தண்ணீரும் புகுந்துவிடும். வயலை விட்டு ஏறியதும் மெதுவாக ஓட்டியபடி நாலைந்து முறை லேசாக மிதித்து ஈரத்தைப் போக்குங்கள். அப்படியும் வழுக்கினால் ஆக்சில் சீல் வழியே ஆயில் கசிந்து லைனிங்கில் படிந்திருக்கலாம். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஆயிலில் மூழ்கிய பிரேக் நீண்ட நாள் உழைக்கும். அதில் கீச்சென்ற சத்தமோ அதிர்வோ வந்தால், கம்பெனி சொன்ன ரக ஆயில்தான் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஹேண்ட் பிரேக்கையும் சின்னச் சரிவில் போட்டுப் பாருங்கள். கல் முட்டுக்கொடுத்து நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது என்றால் சர்வீஸ் தள்ளிப்போய்விட்டது. டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதீர்கள். எஞ்சின் பிடிப்பு போய் முழுச் சுமையும் பிரேக்கில் விழும். லைனிங் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். அதில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.