வானத்துல மாட்டின ஷாக் அப்சார்பர்: மல்டிஸ்ட்ராடாவும் ஒரு மலையும்

இன்னைக்குக் கதையை ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஆரம்பிக்கலாம்.

பைக்ல தனியாப் போறீங்க. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கறீங்க, ஒண்ணும் தெரியல. அதே பைக், அதே ஸ்பீட் பிரேக்கர். இப்ப பின்னாடி ஒரு ஃப்ரெண்ட், அவன் தோள்ல ஒரு பெரிய பை. இந்தத் தடவை 'டங்'குனு ஒரு சத்தம், முதுகெலும்புல ஒரு அடி. பைக் மாறல, ரோடும் மாறல, எடை மட்டும்தான் மாறுச்சு. நம்ம சஸ்பென்ஷனுக்கு அது தெரியாது. ஃபேக்டரியில என்ன செட்டிங் வெச்சாங்களோ, அதையே நம்பி வேலை செய்யுது. நம்ம பாஷையில சொன்னா, ஹார்ட்கோட் பண்ணின வேல்யூ.

இந்த ஹார்ட்கோடிங்கை உடைச்ச வண்டிகளோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட். மையத்துல இருக்கறது இத்தாலியில பிறந்த டுகாட்டி மல்டிஸ்ட்ராடா. பேருக்கு அர்த்தமே 'பல சாலைகள்'.

முதல்ல ஒரு சின்ன அடிப்படை. சஸ்பென்ஷன்ல ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. ஒண்ணு ஸ்பிரிங். மேட்டுல ஏறும்போது அமுங்கி, அந்த ஆற்றலைச் சேமிச்சு வைக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தா வண்டி குதிச்சுக்கிட்டே போகும். அதை நிறுத்தறதுதான் ரெண்டாவது ஆள், டேம்பர். உள்ள ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியாப் போகும்போது அந்த ஆற்றல் வெப்பமா மாறிக் கரைஞ்சுடும். ஓட்டை சின்னதா இருந்தா டைட், பெருசா இருந்தா லூஸ். டைட்டா இருந்தா வளைவுல வண்டி நிதானமா நிக்கும், ஆனா குழியில முதுகு போயிடும். லூஸா இருந்தா குழியில சொகுசு, ஆனா வேகமா வளையும்போது வண்டி ஆடும். ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்னா? அதுதான் பிரச்சினை.

1980-ல பிஎம்டபிள்யூ, ஆர் 80 ஜி/எஸ்னு ஒரு வண்டியைக் கொண்டு வந்தாங்க. அந்த ரெண்டு ஜெர்மன் எழுத்தும் காட்டு வழியையும் ரோட்டையும் குறிக்கும். அடுத்த வருஷமே, 1981-ல, ஹூபெர்ட் ஓரியோல் பிஎம்டபிள்யூ ஓட்டி பாரிஸ்–டக்கார் பந்தயத்துல ஜெயிச்சார். ஒரே வண்டியில மண்ணும் தாரும்கிற ஆசை அங்கேருந்துதான் பெருசாப் பரவுச்சு. ஆனா அந்தக் காலத்துல செட்டிங் மாத்தணும்னா வண்டியை நிறுத்தி, ஸ்பேனரை எடுத்து, கையாலதான் மாத்தணும். எத்தனை பேர் மாத்துவாங்க? டீஃபால்ட் செட்டிங்கை நம்மள்ல எத்தனை பேர் தொடறோம்? அதே கதைதான்.

2004-ல பிஎம்டபிள்யூவோட கே 1200 எஸ் வண்டியில அந்த ஸ்பேனர் ஒரு பட்டனா மாறுச்சு. அதுக்கு ஈஎஸ்ஏன்னு பேர். 2010-ல மல்டிஸ்ட்ராடா 1200 வந்தப்போ டுகாட்டி இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனாங்க. 2003-ல வந்த முதல் மல்டிஸ்ட்ராடாவோட தோற்றத்தை நிறைய பேர் கிண்டல் பண்ணியிருந்தாங்க. இந்தத் தடவை அவங்க சொன்னது: இது ஒரு வண்டி இல்ல, நாலு வண்டி. ஸ்போர்ட், டூரிங், அர்பன், எண்டூரோன்னு நாலு மோடு. ஸ்போர்ட்டுலயும் டூரிங்லயும் 150 குதிரைத்திறன், மத்த ரெண்டுலயும் 100. எஸ் மாடல்ல ஓலின்ஸ் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனும் இந்த மோடோட சேர்ந்தே மாறும். தனியாப் போறீங்களா, லக்கேஜோடயா, ரெண்டு பேரா, ரெண்டு பேரும் லக்கேஜுமான்னு நாலு நிலை வேற. நாலு இன்ட்டு நாலு, பதினாறு கான்ஃபிக்.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்த வண்டி நீங்க சொன்னதைக் கேட்டுச்சு. ரோடு சொன்னதைக் கேக்கல. பதினாறு கான்ஃபிக்ல ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டா, அடுத்து பட்டன் அமுக்கற வரைக்கும் அதேதான்.

ரோடு சொல்றதைக் கேக்கற ஐடியா அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. அமெரிக்கப் பொறியியல் ஆய்வாளர் டீன் கார்னாப் 1974-ல கூட்டா வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரையிலேருந்து வளர்ந்த அந்த ஐடியாவோட பேர் ஸ்கைஹுக். கற்பனை பண்ணிப் பாருங்க. உங்க வண்டியோட உடம்பை ஒரு டேம்பர் போட்டு வானத்துல மாட்டியாச்சு. கீழ சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் நீங்க மிதந்துக்கிட்டே போவீங்க. வானத்துல கொக்கி மாட்ட முடியாது, சரி. ஆனா அந்தக் கற்பனை டேம்பர் இந்த நொடியில எந்தப் பக்கம் எவ்வளவு விசை கொடுத்திருக்கும்னு கணக்குப் போடலாமே? நிஜ டேம்பரால அதே திசையில விசை கொடுக்க முடிஞ்சா அதை டைட் பண்ணு. முடியலன்னா லூஸ் பண்ணி விட்டுடு. அவ்வளவுதான். ஒரே ஒரு இஃப்–எல்ஸ்.

அழகு என்னன்னா, இதுக்குப் பெரிய சக்தி வேண்டாம். 1987-ல அயர்ட்டன் சென்னா ஓட்டின லோட்டஸ் காரும், 1992-ல நைஜல் மேன்செல் சாம்பியன் ஆன வில்லியம்ஸ் காரும் முழு ஆக்டிவ் சஸ்பென்ஷன். ஹைட்ராலிக் அழுத்தத்தால சக்கரத்தை மேலயும் கீழயும் தள்ளும். 1994 சீசனுக்கு ஃபார்முலா ஒன்ல அதைத் தடை பண்ணிட்டாங்க. ஸ்கைஹுக் எதையும் தள்ளாது. எவ்வளவு தடுக்கணும்னு மட்டும் தீர்மானிக்கும். அதனாலதான் அது ஒரு பைக்குக்குள்ள அடங்கும். ஆனாலும் சென்சாரும் பிராசசரும் வால்வும் அந்த அளவுக்குச் சின்னதாகி, விலையும் இறங்கி, பைக் வரைக்கும் வர்றதுக்குக் கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஆச்சு. 2012-ல பிஎம்டபிள்யூ ஹெச்பி4, அடுத்து 2013 மாடல் மல்டிஸ்ட்ராடா. டுகாட்டி அந்தப் பேரையே எடுத்து வெச்சாங்க: டுகாட்டி ஸ்கைஹுக் சஸ்பென்ஷன். இப்பதான் ரோடு பேசறதை வண்டி கேக்க ஆரம்பிச்சது.

சரி, இப்ப அந்த மலைக்கு வருவோம். அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல பைக்ஸ் பீக். 1916-லேருந்து அங்க மலையேற்றப் பந்தயம் நடக்குது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 156 வளைவு, முடியற இடம் 14,115 அடி உயரம். பல வளைவுகள்ல ஓரத்துல தடுப்புச் சுவரே கிடையாது. மல்டிஸ்ட்ராடா 1200 தன்னை நிரூபிச்ச இடம் இதுதான். 2010-ல கிரெக் ட்ரேசி ஜெயிச்சார். 2011-ல கார்லின் டன் 11 நிமிடம் 11 விநாடியில ஏறினார். 2012-ல அதே டன், 9 நிமிடம் 52 விநாடி. பைக்ல பத்து நிமிஷத்துக்குள்ள ஏறின முதல் ஆள் அவர்தான். டுகாட்டி அந்த மலையோட பேர்லயே ஒரு மாடல் வித்தாங்க.

ஒரு வருஷத்துல 79 விநாடி குறைஞ்சிருக்கு. விளம்பரமாப் பார்த்தா, அடடா, என்ன வண்டின்னு தோணும். ஆனா கோட் ரிவ்யூ பண்றவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெஞ்ச்மார்க் திடீர்னு எகிறினா, வேற என்ன மாறுச்சுன்னு கேப்போம். இங்க மாறினது ரோடு. 2011 வரைக்கும் அந்தப் பாதையில ஒரு பகுதி மண். 2012-லதான் முதல் தடவையா முழுக்கத் தார் ரோட்டுல பந்தயம் நடந்துச்சு. அந்த 79 விநாடியில பெரிய பங்கு தாருக்குத்தான் போகணும். ஸ்கைஹுக் அப்போ அந்த வண்டியில வரவே இல்ல.

தார் வேகத்தைக் கொடுத்துச்சு. ஆனா 14,000 அடி உயரத்துல தார் சும்மா படுத்திருக்காது. குளிர்ல அடியில இருக்கற ஈரம் உறைஞ்சு மேல தள்ளும், வெயில்ல இறங்கும். பார்க்க மழமழன்னு இருக்கற ரோட்டுல மேடும் பள்ளமும் ஒளிஞ்சிருக்கும். மண் ரோடு உங்களைப் பயமுறுத்தி மெதுவாப் போக வைக்கும். தார் ரோடு அப்படி இல்ல, 'வா, பார்த்துக்கலாம்'னு கூப்பிடும்.

கார்லின் டன் 2018-ல மல்டிஸ்ட்ராடா 1260-ல மறுபடி ஜெயிச்சார். நாலு தடவை ஜெயிச்சவர். அந்த மலையோட ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. 2019 ஜூன் 30, டுகாட்டியோட இன்னொரு வண்டி, ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 புரோட்டோடைப்ல ஏறினார். முடிவுக் கோட்டுக்குக் கால் மைல்கூட இல்லாத இடத்துல விழுந்து இறந்துட்டார். வயசு 36. 2020-ல பைக் பிரிவை நிறுத்தி வெச்சாங்க. 2021-ல இனிமே அந்தப் பந்தயத்துல பைக்கே கிடையாதுன்னு அறிவிச்சாங்க.

அந்த விபத்துக்கு இதுதான் காரணம்னு நான் இங்கேருந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா இந்த எபிசோடுக்காகப் படிச்சதுல எனக்கு ஒட்டிக்கிட்டது ஒண்ணு. ஆர் 80 ஜி/எஸ் காலத்துல ரோடு எவ்வளவு மோசம்னு உங்க கைக்கும் முதுகுக்கும் தெரியும். இப்ப அந்தத் தகவல் சென்சாருக்குப் போகுது, ஆயிரத்துல சில பங்கு விநாடிக்குள்ள வால்வு வேலை செய்யுது, உங்ககிட்ட வந்து சேரும்போது எல்லாம் சொகுசா இருக்கு. எரரை எல்லாம் உள்ளயே பிடிச்சு, லாகே காட்டாத ஒரு புரோகிராம் மாதிரி. எரர் இல்லாம இல்ல, உங்களுக்குத் தெரியல. ஒட்டறவன் அந்தச் சொகுசைப் பாதுகாப்பா மாத்திக்கலாம், இல்ல வேகமா மாத்திக்கலாம். பெரும்பாலும் நாம மாத்திக்கறது வேகமாத்தான்.

நான் இந்த டெக்னாலஜிக்கு எதிரி இல்ல. பின்னாடி உக்கார்ற ஃப்ரெண்டோட முதுகுக்கு அது செய்யற நல்லது நிஜம். பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் முங்காம பிடிக்கறதும் நிஜம். ஆனா ஸ்கைஹுக்ல கொக்கி மாட்டற வானம் வெறும் கணக்கு. டயர் தொடறது தரையை மட்டும்தான்.

அடுத்த தடவை பைக்ல போகும்போது ரோடு ரொம்ப சொகுசா இருந்துச்சுன்னா, ரோடு நல்லா இருக்கா, இல்ல வண்டி மறைக்குதான்னு ஒரு நொடி யோசிங்க. ஹெல்மெட் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.