மீனைத் தேடிச் சென்ற புகைவண்டி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ‘கிரேலிங்’ என்றோர் ஊர் உண்டு. பாய்மரம் விரித்தாற்போன்ற முதுகுத் துடுப்புடைய ஆற்றுமீன் ஒன்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 1870-களில் அங்கு இருப்புப்பாதை வந்தது. உடனே நகரத்துச் செல்வர்கள் தூண்டிலும் கூடையுமாகப் புகைவண்டியேறி வந்து குவிந்தனர். அம்மாநிலத்தின் மற்றோர் இரயில் நிறுவனமாகிய கிராண்ட் ராப்பிட்ஸ் - இண்டியானா, ‘மீன்பிடிப் பாதை’ என்றே தன்னை விளம்பரம் செய்துகொண்டது.

கிரேலிங் சூதறியாத மீன். தூண்டிலை எளிதில் கவ்வும். பிடித்தவர்களோ அளவறியவில்லை. காட்டில் வெட்டிய மரங்களையும் வசந்த காலத்தில் ஆற்றில் மிதக்கவிட்டனர்; மீன் முட்டையிடும் காலமும் அதுவே. கட்டைகள் உரசி முட்டைகள் பாழாயின. நிழலிழந்த ஆறு சூடேறியது. புதிதாக விடப்பட்ட டிரவுட் மீன்கள் இரைக்குப் போட்டியிட்டன. 1930-களில் மிச்சிகனின் கடைசிக் கிரேலிங்கும் மறைந்தது. ஊர்ப்பெயர் மட்டும் நின்றது.

தூண்டிற்காரரை மட்டும் நாம் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ஆறு வற்றாத களஞ்சியம் என எண்ணியது அனைவரின் பிழையே. 2025-இல் அம்மாநில ஆறுகள் சிலவற்றில் கிரேலிங் முட்டைகளை மீண்டும் இட்டுள்ளனர். பாட்டனார் அள்ளியதைப் பேரப்பிள்ளைகள் திருப்பி வைக்கின்றனர். நம் ஆறுகளையும் குளங்களையும் நினைக்கும்போது இதனையும் நாம் நினைவிற் கொள்வோமாக.