கடல் கடந்த தப்பும் ஒரு கிரிக்கெட் கிளப்பும்



போன வாரம் பிரான்சில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கூட வேலை செய்பவர் ஒருவரின் குடும்பப் பெயர் விராசாமியாம். "நம்ம வீராசாமிதானே சார்? ஆனா தமிழ்ல பேசினா சிரிக்கிறார், ஒரு வார்த்தை புரியலை. ஊர் மர்த்தினிக் என்கிறார். அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். அதை போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்கு மட்டும் எழுதுவானேன், எல்லோரும் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மர்த்தினிக், குவாதலூப் இரண்டும் கரீபியன் கடலில் உள்ள தீவுகள். இன்றும் பிரான்சைச் சேர்ந்தவை. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய முதலாளிகளின் கரும்புத் தோட்டத்தில் பழையபடி உழைக்க விரும்பவில்லை. முதலாளிகளின் கண் நம் பக்கம் திரும்பியது. புதுச்சேரி வணிகக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து ஆள் அனுப்பும் தொழிலையே நடத்தின. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்களுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க் கூலி. 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு 1853 மே மாதம் மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அதே கப்பல் 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது.

1861-ல் ஆங்கிலேயரோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களுக்குத் தென்னாற்காடும் தஞ்சையும் ஆள் கொடுத்தன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நான் வகுப்பில் சொல்லும்போது சிலர் தூங்கியிருப்பீர்கள். வயிறு காய்ந்தவனுக்கு மேஸ்திரி சொல்வதெல்லாம் வேதவாக்காகத்தானே படும்? ஆங்கிலேய அரசு 1880களில் இந்த ஏற்றுமதியை நிறுத்தும் வரைக்கும் மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். குவாதலூப் போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் 10,000-க்கும் குறைவு. மீதிப் பேரில் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே செத்தார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளே இன்றைய விராசாமிகளும் முத்துசாமிகளும் பெருமாள்களும்.

இப்படிப் போனவர்கள் எங்கே ஒன்று கூடினார்கள்? என்னை ரொம்ப நாளாகப் பிடித்து ஆட்டும் கேள்வி இதுதான். மனிதன் உழைத்து மட்டும் உயிரோடு இருந்துவிட மாட்டான். நாலு பேர் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும்.

தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டார்கள். மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆனாள். மதுரைவீரனும் கூடவே போனார். ஆடு வெட்டிப் பொங்கல் வைத்துச் சாமி ஆடும் பூசை, நம் பக்கத்துக் கிராமங்களில் நடப்பது போலவே நடந்தது, இன்றும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, இன்னொரு நாள் மாலியேமினுக்கு நேர்ந்துகொள்வார்கள். பாதிரிமார்களுக்கு அது பிடிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் 'கூலிகளின் சாமி' என்று ஏளனம் செய்தார்கள். இவர்கள் இரண்டையும் விடவில்லை.

கூத்தும் போயிற்று! குவாதலூப்பில் அதற்கு 'நாட்ரோன்' என்று பெயர். நம் நாடகம்தான் வாய் மாறி நாட்ரோன் ஆகியிருக்கிறது. முகத்தில் வண்ணம், தலையில் கிரீடம், விடிய விடிய ஆட்டம். மத்தளத்துக்கு 'மத்தலோன்', தாளத்துக்கு 'தாலோம்', தப்புக்கு 'தப்பு' என்றே பெயர். வில்லியனூர், பாகூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் மசாலாக் குழம்பு அங்கே 'கொலம்போ' என்ற பெயரில் எல்லா இனத்தாருக்கும் பொதுச் சாப்பாடாகிவிட்டது. அந்தத் தீவுப் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு இன்னும் 'மதராஸ்' என்றுதான் பெயர்.

ஆனால் மொழி போய்விட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. தமிழ் பூசைப் பாட்டில் மட்டும் தங்கியது. மர்த்தினிக் தீவில் அந்துவான் தங்கமேன் என்று ஒரு பூசாரி இருந்தார். 'சுவாசோ' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கிரியோலில் அதற்குப் பறவை என்று அர்த்தம். கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியாக இருந்துகொண்டே, காதால் கேட்ட தமிழ்ப் பாட்டுகளை மனத்தில் காப்பாற்றி வைத்திருந்த மனிதர். அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு 1994-ல் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் எழுத்து சொல்லிக்கொடுத்தவன் நான். எழுத்தே இல்லாமல் ஒரு மொழியை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தவரை நினைத்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஆங்கிலேயர் ஆண்ட கயானாவில். அங்கே 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வடநாட்டார். சென்னை வழி போனவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்தான். 'மதராசி' என்று அவர்களைத் தனியாகவே பிரித்து வைத்திருந்தார்கள். அவர்களின் காளியம்மன் பூசையைச் சக இந்தியர்களே தாழ்வாகப் பார்த்ததும் உண்டு. தலைநகர் ஜார்ஜ்டவுனில் கிரிக்கெட் விளையாட வேண்டுமானால் கிளப் வேண்டும். வெள்ளைக்காரர்களின் கிளப் 1858-லேயே வந்துவிட்டது. போர்த்துகீசியருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வேலி. அந்த ஊரில் ஜே. ஏ. வீராசாமி என்பவர் 1910-ல் பிரிட்டிஷ் கயானா அணிக்கு ஆடிய முதல் இந்தியர் ஆனார். முதல் உலகப்போர் தொடங்கிய சமயத்தில் அவர் முன்னின்று அமைத்ததுதான் பிரிட்டிஷ் கயானா கிழக்கிந்தியர் கிரிக்கெட் கிளப். பின்னாளில் எவரெஸ்ட் கிரிக்கெட் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் நடக்கிறது. வடக்கு தெற்கு, இந்து முஸ்லிம் கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார அது இடம் கொடுத்தது. சந்தா கட்ட வசதியும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பந்தல், அதையும் சொல்லத்தான் வேண்டும். கரும்பு வெட்டினவன் உள்ளே போயிருக்க முடியாது. அவன் தோட்டத்து மைதானத்தில் ஆடினான். ரோகன் கன்ஹாய் அப்படிப்பட்ட போர்ட் மொரான்ட் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். கிரிக்கெட் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: 2012-ல் மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் அணிக்கு வந்த சுழல்பந்து வீச்சாளர் வீராசாமி பெருமாளும் அந்த பெர்பிஸ் பகுதிக்காரரே.

பிரெஞ்சுத் தீவுக்காரர்களுக்குக் கிளப்பை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்? இங்கே புதுச்சேரியில் 1871 முதலே வாக்கெடுப்பு நடந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதி போனார். இதே மண்ணிலிருந்து கப்பலேறியவனின் மகனுக்கு, குவாதலூப்பிலேயே பிறந்திருந்தும், வாக்கில்லை. அந்நியன் என்றார்கள். அன்றி சிதம்பரம் என்பவர் இதை விடவில்லை. 1863-ல் கப்பெஸ்தேர் என்ற ஊரில் பிறந்தவர். நம் நாவில் சிதம்பரம், அவர்கள் எழுத்தில் சிதம்பாரோம். 1904-ல் ஆரம்பித்த வழக்கை 1923 வரை நடத்தி, இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்களே என்று ஒப்புக்கொள்ள வைத்தார். பத்தொன்பது வருஷம்! நம் விடுதலைப் போராட்டத்தைப் பக்கம் பக்கமாக நடத்தினேன், இந்த மனிதரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

வாக்கு வந்தபின் வெட்கம் போகக் கொஞ்ச காலம் பிடித்தது. 1970களிலிருந்து நம் பாணிக் கோபுரத்தோடு கோயில்கள் எழுந்தன. தமிழ், பரதநாட்டியம் கற்றுக்கொடுக்கும் சங்கங்கள் வந்தன. எர்னெஸ்ட் முத்துசாமி 1981-ல் குவாதலூப்பிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். 2004-ல் முதல் கப்பல் வந்த 150-ஆம் ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடினார்கள்.

நம் திருபுவனைக் கோயில் கல்வெட்டு, ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே இருந்த கல்லூரியில் எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர் என்றுகூடக் கணக்குச் சொல்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இந்த விழுப்புரம் சாலை வழியாக நடந்து போய்க் கப்பல் ஏறியவர்களின் பெயர் ஊரில் எந்தக் கல்லிலும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது "எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கப்பல்ல போனார், திரும்பலை" என்று சொல்லிக் கேட்டதுண்டா? பழைய பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய சீட்டு ஏதாவது கிடக்கிறதா? பெயர், ஊர், எந்த வழி உறவு என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.