டெஸ்ட் கவரேஜ்

டெஸ்ட் கவரேஜ் (சோதனைப் பரப்பு) என்பது, சோதனைகளை ஓட்டும்போது ஒரு மென்பொருளின் நிரலில் எத்தனை விழுக்காடு இயங்கியது என்று காட்டும் அளவு. ஜோன் மில்லரும் கிளிஃபர்ட் மலோனியும் 1963-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதன் கரு உண்டு. வரி, கிளை, நிபந்தனை என அளவுகோல் பொதுவாகப் போகப் போகக் கடுமையாகும்.

100 விழுக்காட்டைத் தொட்ட நிரலிலும் பிழை இருக்கலாம். அதைக் காட்டக் காரைக்கால் முகவரி ஒன்று போதும். ஜிஎஸ்டி பில் போடும் மென்பொருளில், பின்கோடின் முதல் இரண்டு இலக்கம் 60 முதல் 64 வரை இருந்தால் தமிழ்நாடு, இல்லையென்றால் வெளிமாநிலம் என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். சென்னை 600001-க்கு ஒரு சோதனை, கொச்சி 682001-க்கு ஒன்று. இரண்டு கிளையும் ஓடிவிடும். கவரேஜ் அளக்கும் கருவி 100 காட்டும். ஆனால் காரைக்காலின் பின்கோடு 609602. தமிழ்நாடு சூழ்ந்திருந்தாலும் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, அதற்கோ 34. நாகப்பட்டினத்து வியாபாரி அங்கே விற்கும் சரக்குக்கு, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டும். இந்த நிரல், உள்மாநில விற்பனைபோல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துவிடும். அப்படியே கட்டிவிட்டால், சிஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி சரியான வரியைக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

மூன்று இலக்கம் பார்த்தாலும் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டின் மயிலாடுதுறை 609001, காரைக்கால் பகுதியின் திருநள்ளாறு 609607. புதுச்சேரி நகரம் 605001, தமிழ்நாட்டின் விழுப்புரம் 605602. புதுச்சேரியின் மற்றப் பகுதிகளான மாஹே கேரளத் தொடரிலும் ஏனாம் ஆந்திரத் தொடரிலும் இருக்கின்றன. எழுதியிருக்க வேண்டிய நிபந்தனையை எழுதாமல் விட்டால், அதை எந்தக் கருவியும் சிவப்பில் காட்டாது. காரைக்காலில் கணக்கு எழுதுபவர் ஒரே பில்லில் கண்டுபிடித்துவிடுவார்.

அதற்காக இந்த அளவு வீண் என்பதில்லை. 30 விழுக்காடு என்றால் மீதி 70-ஐ யாரும் தொடவில்லை என்பது உறுதி. குறைந்த எண் சொல்வதை நம்பலாம், உயர்ந்த எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. மேலிடம் இலக்கு வைத்தால், விடையைச் சரிபார்க்காமல் நிரலை ஓட்டிக்காட்டும் சோதனைகளே பெருகும். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி (2011), மிக ஆபத்தான பகுதிகளில் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே முடிவை மாற்றுவதைக் காட்டச் சொல்கிறது; அங்கே அதற்கு ஆகும் செலவு தகும். ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் 2009-லிருந்து இதே அளவுகோலில் 100-ஐக் காத்துவருகிறது. அதன் சோதனை நிரல் மூல நிரலைப்போல் பல நூறு மடங்கு. இருந்தும், தாறுமாறான உள்ளீடுகளைக் கொட்டிப் பார்க்கும் ஃபஸ்ஸிங் முறை அதில் பிழைகளைக் கண்டுபிடித்திருக்கிறது.