திருடிய சிறுவனும் பறிகொடுத்தவரும் ஒரே வட்டத்தில்... 'மறுசீரமைப்பு நீதி' என்றால் என்ன? கட்டப்பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: பாதையோரம் பூ விற்கும் பெண்ணின் செல்போனை 16 வயதுப் பையன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பிடிபட்டும் விடுகிறான். அடுத்து என்ன?

பையனைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டு, 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 'சிறு குற்றம்'. பெரியவர்கள் கூட்டு இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கிடையாது. காவல் நிலைய பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். 2 மாதம் நீட்டித்தும் முடியவில்லை என்றால், சிறு குற்ற வழக்கு அத்தோடு சரி. அவன் பெயரும் வெளியே வரக் கூடாது.

எல்லாம் நியாயம்தான். ஆனால் பூக்காரம்மா? "சின்னப் பையன், விடும்மா" என்ற சமாதானத்தோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 'ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்' எனப்படும் மறுசீரமைப்பு நீதி. 1974-ல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். நீதிபதி அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீடு வீடாகப் போகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார்கள், நஷ்டத்தையும் கட்டினார்கள். 1989-ல் நியூசிலாந்து, குடும்பங்களை உட்கார வைத்துப் பேசும் முறையைச் சிறார் சட்டத்திலேயே சேர்த்தது.

வட்டத்தில் என்ன நடக்கும்?

பையன் முதலில் 'செய்தது நான்தான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் வட்டமே இல்லை. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பையும் முன்கூட்டியே தனித்தனியாகச் சந்திப்பார். பிறகு எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள், பையனின் அம்மாவும்தான். ஒரு பொருள் கைமாறிக்கொண்டே வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய யார் என்ன செய்யணும் - பேச்சு இதைச் சுற்றித்தான்.

"அதுல தான்டா மொத்த வியாபாரி நம்பர், பேரன் போட்டோ எல்லாம் இருந்துச்சு" என்று அந்தம்மா நேருக்கு நேர் சொல்ல முடிகிற இடம் இது ஒன்றுதான். விசாரணையில் போன் என்பது வெறும் மதிப்புத் தொகை.

'வட்டம்' பற்றி நேரடியாகச் சொல்லும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. ஆனால் நீதிமன்ற நடைமுறைக்கு வெளியே தீர்வு தேடுவதை 3-வது பிரிவு ஊக்குவிக்கிறது. குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம் ஆகியவற்றுக்கு 18-வது பிரிவில் இடம் உண்டு. பெங்களூருவின் என்ஃபோல்ட் அமைப்பு குழந்தைகள் இல்லங்களில் இத்தகைய வட்டங்களை நடத்தியிருக்கிறது.

அப்படியானால் இது கட்டப்பஞ்சாயத்தா?

தமிழ்நாட்டில் யாரும் முதலில் கேட்கும் கேள்வி. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல், ஆறுமுகம் சேர்வை வழக்கில், உச்ச நீதிமன்றமே சொன்னது. அங்கே செல்வாக்கு உள்ளவர் தீர்ப்புச் சொல்வார், மற்றவர் தலையாட்ட வேண்டும். வட்டத்தில் தீர்ப்புச் சொல்ல ஆளே கிடையாது. யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

தாளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஊரில்? இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் பட்டியலின மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30-ல்தான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அப்படிப்பட்ட ஊரில் பையன் ஆதிக்க சாதி, பறிகொடுத்தவர் பட்டியல் சாதி என்றால், நாற்காலிகளை வட்டமாகப் போட்டதால் மட்டும் குரல் சமமாகிவிடாது. "மன்னிச்சிட்டேன்" என்ற சொல் மனசிலிருந்து வந்ததா, பயத்திலிருந்தா? முன்கூட்டியே நடக்கும் தனிச் சந்திப்பில் ஒருங்கிணைப்பாளர் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். சந்தேகம் வந்தால் வட்டத்தைக் கூட்டக் கூடாது. கொடுங்குற்றங்களிலும் போக்சோ வழக்குகளிலும் வழக்குக்குப் பதிலாக இதை வைக்கவும் முடியாது.

ஒப்பந்தம் ஆகிவிட்டால், போனுக்கான பணத்தைத் தவணையில் கட்டுவதா, 14 வயது தாண்டியவன் என்பதால் சமூக சேவை செய்வதா என்பது எழுத்தில் வரும். அந்தம்மா வேண்டாம் என்றால் விஷயம் பழையபடி குழுமத்துக்கே போகும். ஏன் என்று அவரிடம் யாரும் காரணம் கேட்கக் கூடாது.